காட்பாடியிலிருந்து ஒரு சீசன் டிக்கெட்காரர் எழுதுவது

சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்தின், சுருக்கமாகக் கும்டாவின், அதிகாரிகளுக்கு

வணக்கம்.

நான் உங்கள் எல்லைக்கு வெளியே குடியிருப்பவன். 2022-இல் சென்னைப் பெருநகரப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரித்தபோது, கோடு அரக்கோணம் பக்கம் வந்து நின்றுவிட்டது. அங்கிருந்து இன்னும் அறுபது கிலோமீட்டர் ரயிலில் மேற்கே வந்தால் காட்பாடி. அரக்கோணமும் காட்பாடியைப் போலவே பழைய வடஆற்காடு மாவட்டத்து ஊர். ஆகவே எங்கள் வீட்டுத் திண்ணை வரை வந்து, உள்ளே எட்டிப் பார்க்காமல் திரும்பிவிட்டீர்கள் என்று உரிமையோடு சொல்லலாம்.

சென்ட்ரலுக்கும் காட்பாடிக்கும் நடுவே 130 கிலோமீட்டர். மாதச் சீசன் டிக்கெட்டை 150 கிலோமீட்டர் வரைக்கும் கொடுக்கிறார்கள். சீசன் விதியின் கணக்கில் நான் சென்னைக்கு வேலைக்குப் போய்வருகிறவன். உங்கள் வரைபடத்தின் கணக்கில் வெளியூர்க்காரன். இதில் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து கிளம்பி எங்கள் வாலாஜா ரோடுக்குத்தான் வந்தது. சென்னைக்கு ரயில் பழக்கம் வந்த நாளே எங்களுக்கும் வந்துவிட்டது. அந்தப் பழைய உறவை வைத்துக்கொண்டு ஒரு விஷயம் பேசலாம் என்றுதான் எழுதுகிறேன்.

விஷயம் அளப்பது பற்றியது. நகர ரயில் நன்றாக ஓடுகிறதா என்று எதை வைத்துச் சொல்வது?

என் தொழில் கணக்கு எழுதுவது. தேனாம்பேட்டையில் ஒரு தனியார் அலுவலகம். எண்களோடுதான் நாள் முழுவதும் பிழைப்பு என்பதால், பயண நேரத்தையும் ஒரு நீள நோட்டில் எழுதிவைக்கும் கெட்ட பழக்கம் உண்டு. அதிலிருந்து ஒரே ஒரு மாலையை மட்டும் சொல்கிறேன்.

அன்று அலுவலகத்தை விட்டு வழக்கமான நேரத்துக்குத்தான் கிளம்பினேன். மெட்ரோ சரியாக வந்தது, சரியாகச் சென்ட்ரலில் இறக்கிவிட்டது. பூமிக்கடியிலிருந்து மேலே வர எஸ்கலேட்டருக்கு வரிசை. எனக்கு முன்னால் ஒரு அம்மா, ஒரு கையில் பேரன், இன்னொரு கையில் கட்டைப் பை. எஸ்கலேட்டரில் கால் வைக்கப் பயந்து நின்றுவிட்டார். கையைப் பிடித்து ஏற்றிவிட்டேன். மேலே வந்து நடைபாதையில் திரும்பி, பையை எக்ஸ்ரே பெட்டிக்குள் தள்ளி எடுத்து, பிளாட்பாரத்துக்கு ஓடினால், கடைசிப் பெட்டியின் முதுகில் இருக்கும் மஞ்சள் எக்ஸ் குறி மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. ஓடினால் பிடித்திருக்கலாம் என்று இருபது வயதில் நினைத்திருப்பேன். இப்போது சர்க்கரையும் முட்டிவலியும் சேர்ந்து நினைக்க விடுவதில்லை.

அடுத்த வண்டி பிடித்துக் காட்பாடியில் இறங்கியபோது வழக்கத்தைவிட ஒன்றரை மணி நேரம் பிந்திவிட்டது. அதற்குள் டவுன் பஸ் கூட்டம் ஓய்ந்துவிட்டது. பாகாயம் வரை ஆட்டோவுக்குக் கொடுத்த காசைப் பற்றி வீட்டில் நடந்த விவாதத்தை இங்கே எழுத வேண்டாம்.

இப்போது கணக்கைப் பாருங்கள். மெட்ரோ அன்று சரியான நேரம். நான் விட்ட வண்டி நொடி பிசகாமல் கிளம்பியது. அடுத்த வண்டியும் சொன்ன நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. எல்லோருக்கும் நூற்றுக்கு நூறு போட வேண்டியதுதான், எனக்கும் மறுப்பில்லை. யார் மீதும் புகார் சொல்ல இடமே இல்லாத ஒரு மாலை அது. ஆனாலும் ஒருவன் ஒன்றரை மணி நேரம் பிந்தி வீட்டுக்குப் போயிருக்கிறான், அந்த ஒன்றரை மணி நேரம் எந்த ஏட்டிலும் இல்லை. வண்டிக்கும் வண்டிக்கும் நடுவில், எஸ்கலேட்டர் படியில், அது காணாமல் போய்விட்டது.

வேலூரைப் பற்றி எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொள்ளும் கேலி ஒன்று உண்டு: ஆறு உண்டு நீர் இல்லை, கோட்டை உண்டு ராஜா இல்லை, கோவில் உண்டு சாமி இல்லை. சாமி 1981-இல் ஜலகண்டேஸ்வரர் கோவிலுக்குத் திரும்பி வந்துவிட்டார். மற்றவை அப்படியே இருக்கின்றன. ரயில்களின் மாதாந்திரச் சாதனைக் கணக்கைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பட்டியலில் இன்னொன்றையும் சேர்க்கத் தோன்றும்: கணக்கு உண்டு, பயணி இல்லை.

இது இந்த ஊர்க் கோளாறு மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். உலகம் முழுக்க வண்டியை அளப்பதுதான் சுலபம் என்பதால் வண்டியைத்தான் முதலில் அளந்தார்கள். நம் நாட்டில் எக்ஸ்பிரஸ் வண்டியின் நேரந்தவறாமையைக் கடைசி நிலையத்தில் போய்ச் சேருவதை வைத்துக் கணக்கிடுவது வழக்கம். கடைசி நிலையத்துக்கு முன்னால் டைம்டேபிளில் கொஞ்சம் உபரி நேரம் வைத்திருப்பார்கள். தண்டவாள வேலை, வேகக் கட்டுப்பாடு இவற்றை ஈடுகட்ட அது தேவைதான். ஆனால் வழியில் இருபது நிமிடம் பிந்திய வண்டி, அந்த உபரியைத் தின்று கடைசியில் சரியான நேரத்துக்கு நுழைந்துவிடலாம். நடுவில் இருக்கும் காட்பாடியிலும் வாலாஜா ரோடிலும் சோளிங்கரிலும் இருபது நிமிடம் பிளாட்பாரத்தில் நின்றவர்கள் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். நாங்கள் பிறந்ததே நடுநிலையத்தில். என்ன செய்வது?

பிரிட்டனிலும் வெகுகாலம் இப்படித்தான், கடைசி நிலையத்தில் ஐந்து நிமிடம், தொலைதூர வண்டிக்குப் பத்து நிமிடம் வரை பிந்தினாலும் சரியான நேரம் என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். 2019-இல் முக்கிய அளவை மாற்றி, வழியில் பதிவாகும் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு நிமிடத்துக்குள் வந்ததா என்று பார்க்கத் தொடங்கினார்கள். அதே வண்டிகள்தான், ஆனால் சதவீதம் சட்டென்று கீழே இறங்கியது. அந்த இறக்கத்தை ஊரறியக் காட்ட ஒரு துணிச்சல் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை.

ஜெர்மனியில் இன்னொரு வேடிக்கை. ஆறு நிமிடத்துக்குள் வந்தால் அங்கே சரியான நேரம். அது போகட்டும். ரத்தான வண்டி அந்தச் சதவீதத்துக்குள் வராது. வராத வண்டி பிந்தாத வண்டி! நம் ஊரில் தேறாது என்று தெரிந்த பையனைப் பொதுத் தேர்வே எழுதவிடாமல் பண்ணிவிட்டு, வாசலில் நூறு சதவீதத் தேர்ச்சி என்று பேனர் கட்டும் பள்ளிகளைப் பார்த்திருக்கிறோம். தேர்ச்சிப் பட்டியலில் அடிக்கடி கடைசி வரிசையில் நிற்கும் பக்கத்திலிருந்து எழுதுகிறேன், இந்த வித்தையின் உள்ளும் புறமும் எங்களுக்குத் தெரியும்.

சுவிட்சர்லாந்துக்காரர்கள்தான் எனக்குப் பிடித்தவர்கள். மூன்று நிமிடம் அவர்கள் எல்லை. அதைவிட முக்கியம், வண்டிகளை எண்ணுவதோடு விடாமல், எத்தனை பயணிகள் நேரத்துக்குச் சேர்ந்தார்கள் என்று எண்ணுகிறார்கள். ஆயிரம் பேர் இருக்கும் வண்டி ஐந்து நிமிடம் பிந்தினால் ஐயாயிரம் நிமிடம் போயிற்று. ஐம்பது பேர் இருக்கும் வண்டி பிந்தினால் இருநூற்றைம்பது. வண்டிக் கணக்கில் இரண்டும் ‘ஒரு வண்டி தாமதம்’தான். பயணிக் கணக்கில் ஒன்று இன்னொன்றைப் போல இருபது மடங்கு. இறங்கி மாறும் பயணிக்கு அடுத்த வண்டி கிடைத்ததா என்பதையும் அங்கே தனியாக அளக்கிறார்கள். சென்ட்ரல் எஸ்கலேட்டரில் நான் தொலைத்த ஒன்றரை மணி நேரம் ஸூரிக் ஊரில் தொலைந்திருந்தால் ஒரு அட்டவணையிலாவது இடம் பிடித்திருக்கும்.

மெட்ரோ போன்ற அடிக்கடி ஓடும் வண்டிகளுக்கு நேர அட்டவணையை வைத்து அளப்பதில் இன்னொரு ஓட்டை உண்டு. அதைப் புரியவைக்க எங்கள் டவுன் பஸ்ஸையே உதாரணத்துக்கு எடுத்துக்கொள்கிறேன்.

காட்பாடியில் ஓடைப் பிள்ளையார் கோவில் நிறுத்தத்தில் நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபது நிமிடத்துக்கு இரண்டு பஸ். நிமிடத்துக்கு ஒருவராக இருபது பேர் வந்து சேருகிறார்கள். பஸ் பத்து நிமிடத்துக்கு ஒன்றாக ஒழுங்காக வந்தால் ஒருவர் சராசரியாக ஐந்து நிமிடம் காத்திருப்பார். இருபது பேருக்கும் சேர்த்து நூறு நிமிடம். ஆனால் ரயில்வே மேம்பாலத்தில் நெரிசல், பாலாற்றுப் பாலத்தில் நெரிசல். முன் பஸ் சிக்கிக்கொள்கிறது. பிந்திய பஸ்ஸுக்கு நிறுத்தத்தில் கூட்டம் அதிகம் சேர்ந்திருக்கும், ஏற்ற நேரமாகும், இன்னும் பிந்தும். பின்னால் வரும் பஸ்ஸுக்கு ஆளே இருக்காது, அது வேகமாக வந்து முன் பஸ்ஸின் வாலைப் பிடித்துவிடும். கடைசியில் பதினெட்டு நிமிடம் ஒன்றுமில்லை, பிறகு இரண்டு நிமிட இடைவெளியில் இரண்டு பஸ். இப்போது பதினெட்டு பேர் சராசரியாக ஒன்பது நிமிடம் நின்றார்கள், இரண்டே பேர் ஒரு நிமிடம். மொத்தம் 164 நிமிடம். ஒருவருக்கு 8.2.

பஸ் எண்ணிக்கை அதேதான். மணிக்கு ஆறு டிரிப் என்று டிப்போவில் எழுதினால் அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் நிற்கிறவன் காலுக்கு அறுபது சதவீதத்துக்கு மேல் கூடுதல் வேலை. அதோடு முதல் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போக வேண்டும், பின்னாலேயே காலி பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு வரும். வேலூர்க்காரர்கள் எல்லோரும் இதை அனுபவித்திருக்கிறோம், ஆனால் நோட்டில் எழுதினவர் குறைவு.

மெட்ரோ கதவிலும் இதே கதைதான் நடக்கும், பிள்ளையாருக்குப் பதில் பிளாட்பாரக் கண்ணாடிக் கதவு. அதனால்தான் நியூயார்க்கில் வண்டிகளுக்கு நடுவில் உள்ள இடைவெளி சொன்னபடி இருந்ததா என்று தனியாக ஒரு அளவு வைத்தார்கள். 2017-இல் இன்னும் ஒரு படி மேலே போய், பயணி பிளாட்பாரத்தில் கூடுதலாக நின்ற நேரம், வண்டிக்குள் கூடுதலாக உட்கார்ந்த நேரம் என்று இரண்டாகப் பிரித்தும் வெளியிட ஆரம்பித்தார்கள். லண்டன் சுரங்க ரயிலில் ‘இழந்த வாடிக்கையாளர் மணி நேரம்’ என்று ஒரு கணக்கு. இரண்டு நிமிடமும் அதற்கு மேலும் தடங்கல் வந்தால், அதில் எத்தனை பேர் மாட்டினார்கள் என்று பெருக்கி மணி நேரமாக எழுதுவார்கள். சிக்னல் கோளாறா, ஆள் பற்றாக்குறையா, வண்டிக் கோளாறா என்று காரணவாரியாகவும் பிரிப்பார்கள். காலை எட்டரை மணிக் கோளாறும் மத்தியானம் இரண்டரை மணிக் கோளாறும் அங்கே ஒன்றாகாது.

சிங்கப்பூர் வேறு வழி போனது. 2011 டிசம்பரில் மூன்று நாட்களுக்குள் இரண்டு பெரிய தடங்கல்கள் வந்து ஊரே கொந்தளித்த பிறகு, ஐந்து நிமிடத்துக்கு மேல் தாமதமாக்கும் கோளாறுகளுக்கு நடுவில் வண்டிகள் சராசரியாக எத்தனை கிலோமீட்டர் ஓடின என்ற ஒரே எண்ணைப் பிடித்துக்கொண்டார்கள். 2019-இல் அது பத்து லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியது. நல்ல எண்தான். பராமரிப்பைச் சரிசெய்ய இதைவிடக் கூர்மையான எண் கிடைப்பது கஷ்டம். ஆனால் அதுவும் வண்டியின் உடல்நிலையைத்தான் சொல்கிறது, எஸ்கலேட்டர் அடியில் நிற்கும் பாட்டியின் நிலையை அல்ல.

நெரிசலை அளப்பதைப் பற்றி யாராவது பேசினால் எனக்குக் காது நீண்டுவிடும். சதுர மீட்டருக்கு ஆறு பேர் என்று மெட்ரோ பெட்டியை வடிவமைக்கிறார்கள். மும்பை லோக்கலில் உச்ச நேரத்தில் பதினான்கு, பதினாறு பேர் என்று சொல்வதுண்டு. சதுர மீட்டர் என்றதும் நமக்குக் கண்ணில் எதுவும் வருவதில்லை. ஜப்பான்காரர்கள் இதை அழகாகச் செய்தார்கள். நூறு சதவீதம் என்றால் உட்காரலாம், அல்லது கைப்பிடியாவது கிடைக்கும். நூற்றைம்பதில் நாளிதழை விரித்துப் படிக்கலாம். நூற்றெண்பதில் மடித்துக் கஷ்டப்பட்டுப் படிக்கலாம். இருநூறில் உடம்போடு உடம்பு அழுந்தும். இருநூற்றைம்பதில் கையைக்கூட அசைக்க முடியாது. யாருக்கும் விளக்கவுரை தேவையில்லை.

எங்கள் பெட்டியில் நாளிதழ் படிப்பவர் இப்போது குறைந்துவிட்டார். அதனால் நானும் பக்கத்து சீட்டுச் சகாக்களும் டீயை வைத்து ஒரு அளவு கண்டுபிடித்தோம். டீயை ஆற்றிக் குடிக்க முடிந்தால் முதல் நிலை. சிந்தாமல் குடிக்க முடிந்தால் இரண்டாம் நிலை. கப்பைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு அரக்கோணம் வரும்வரை காத்திருந்தால் மூன்றாம் நிலை. டீ வாங்கவே தோன்றாவிட்டால் நான்காம் நிலை. வெள்ளிக்கிழமை மாலைகளிலும் பண்டிகைக்கு முந்தின நாளும் நான்காம் நிலைதான். இதை உங்கள் அலுவலகம் அப்படியே எடுத்துக்கொள்ளலாம், நாங்கள் உரிமைத்தொகை கேட்க மாட்டோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1994-இல் ஹாங்காங், லண்டன், பாரிஸ், நியூயார்க், பெர்லின் ஆகிய ஐந்து நகரங்களின் மெட்ரோக்காரர்கள் சேர்ந்து, ஒரே முறையில் அளந்து ஒருவரையொருவர் ஒப்பிட்டுப் பார்க்க ஏற்பாடு செய்துகொண்டார்கள். அந்த வேலையை லண்டன் இம்பீரியல் கல்லூரியில் இருக்கும் போக்குவரத்து ஆய்வு மையம் பார்த்துக்கொள்கிறது. பிறகு பல நகரங்கள் சேர்ந்தன, டெல்லி மெட்ரோ உட்பட. ஒரு பெட்டி ஒரு கிலோமீட்டர் ஓட என்ன செலவு, ஒரு ஊழியரின் ஒரு மணி நேர உழைப்பில் எத்தனை பயணம், எத்தனை மின்சாரம் என்று ஆழமான கணக்கெல்லாம் அதில் உண்டு. ஆனால் அந்த எண்கள் உறுப்பினர்களுக்குள்தான். மனம் திறந்து பேச ரகசியம் வேண்டும் என்ற நியாயம் எனக்குப் புரிகிறது. கணக்கு எழுதுகிறவன் என்ற முறையில் ஒரு சந்தேகம் மட்டும்: நிர்வாகத்துக்கு ஒரு ஏடு, ஊருக்கு ஒரு ஏடு என்று இருந்தால் எங்கள் தொழிலில் அதற்கு வேறு பெயர்.

சரி, உங்களிடம் ஏன் வந்தேன்? மெட்ரோக்காரர் மெட்ரோவை அளப்பார், ரயில்காரர் ரயிலை அளப்பார், பஸ்காரர் பஸ்ஸை அளப்பார். நடுவில் இருக்கும் இடைவெளியை அளக்க வேண்டியவர்கள் என்று சென்னையில் யாராவது உண்டென்றால் அது நீங்கள்தான். ‘ஒருங்கிணைந்த’ என்று பெயரிலேயே வைத்திருக்கிறீர்கள். பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் எல்லாவற்றுக்கும் ஒரே செயலியில் க்யூஆர் டிக்கெட் என்று 2025-இல் ‘சென்னை ஒன்’ கொண்டுவந்தீர்கள். டிக்கெட் ஒன்றானால் பயணமும் ஒன்றாகத் தெரியும். தேனாம்பேட்டையில் உள்ளே போன ஆள் எத்தனை மணிக்குப் போனான், சென்ட்ரல் மெட்ரோவில் எத்தனை மணிக்கு வெளியே வந்தான் என்பது ஏற்கெனவே கேட்டில் பதிவாகிறது. பெயரும் போன் நம்பரும் இல்லாமல், நேரத்தை மட்டும் எடுத்துக் கூட்டினாலே போதும்: சொன்ன நேரத்தில் முடிந்த பயணங்கள் எத்தனை, அடுத்த வண்டி தவறிய பயணங்கள் எத்தனை என்று மாதாமாதம் சொல்லிவிடலாம்.

அதில் தவறிய வண்டிக்குத் தனிக் கட்டம் போடுங்கள். நான்கு நிமிடம் பிந்தினால் நான்கு நிமிடம்தான் நஷ்டம் என்பது பத்து நிமிடத்துக்கு ஒரு வண்டி ஓடும் ஊருக்குச் சரி. சென்ட்ரலிலிருந்து மேற்கே போகிறவனுக்கு நான்கு நிமிடம் ஒன்றரை மணி நேரமாக வளரும். எங்களோடு வரும் ஒரு பெண்ணுக்கு, இரவு பிந்தினால் காட்பாடி ஸ்டேஷனுக்கு அண்ணன் பைக் எடுத்துக்கொண்டு வந்தாக வேண்டும். அந்த அண்ணனுக்கு மறுநாள் விடிகாலை ராணிப்பேட்டையில் ஷிப்ட். அவர் தூக்கத்தையும் சேர்த்துத்தான் அந்த நான்கு நிமிடத்துக்கு விலை.

சராசரியை மட்டும் வெளியிட்டு முடித்துவிடாதீர்கள் என்பதும் ஒரு வேண்டுகோள். மாதத்தில் இருபது நாள் நேரத்துக்குப் போய், இரண்டு நாள் மாட்டிக்கொண்டால், அந்த இரண்டு நாளுக்குப் பயந்து இருபது நாளும் அரை மணி நேரம் முன்னால் கிளம்புகிறோம். அந்த அரை மணி நேரங்கள் சராசரியில் தெரியாது. மோசமான நாட்கள் எவ்வளவு மோசம் என்று தனியாகச் சொன்னால்தான் தெரியும்.

எல்லையைக் காட்பாடி வரை நீட்டுங்கள் என்று கேட்கவில்லை. அதில் ஆயிரம் நிர்வாகச் சிக்கல் இருக்கும், அதோடு எங்கள் மனைகளின் விலையும் ஏறிவிடும். கணக்கை மட்டும் நீட்டுங்கள். சென்ட்ரலில் தினமும் இறங்கி மெட்ரோவுக்கும் பார்க் ஸ்டேஷனுக்கும் நடக்கிறவர்களில் எத்தனை பேர் அரக்கோணத்துக்கு மேற்கிலிருந்து வருகிறார்கள் என்று ஒரு வாரம் ஆள் நிறுத்தி எண்ணினாலே போதும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். எங்கள் பாலாற்றில் போட்டால் போட்ட இடத்திலேயே கிடக்கும், எப்போது வேண்டுமானாலும் வந்து அளந்துகொள்ளலாம். ரயில் கூட்டம் அப்படிக் காத்திருக்காது.

முடிந்தால் ஒரு வெள்ளிக்கிழமை மாலை உங்களில் ஒருவர் வாருங்கள். சென்ட்ரல் மெட்ரோ கேட்டிலிருந்து எங்கள் வண்டி நிற்கும் பிளாட்பாரம் வரை கையில் கடிகாரத்தோடு நடப்போம். தனியாக வேண்டாம், ஒரு பெரிய கட்டைப் பையும், முடிந்தால் ஒரு சின்னப் பையனும் கூட இருக்கட்டும். என் நோட்டைக் கொண்டுவருகிறேன். ஜெனரல் பெட்டியில் இடம் பிடித்துவைக்க நண்பர்களிடம் சொல்லிவிடுகிறேன். டீ மட்டும் வண்டி ஏறுவதற்கு முன்னாலேயே குடித்துவிட வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
காட்பாடி – சென்ட்ரல் மாதச் சீசன் டிக்கெட்காரர்